தலவிருட்சமாகிய மருதும் அதன் பட்டையின் மருத்துவமும்

ஆலயங்கள் தோறும் தலவிருட்சம் என ஒரு மரத்தைப் பேணி வருதல் சைவ மக்களின் தொன்மையான வழக்கமாகும். ஆல், அரசு, வேம்பு, வில்வம், கொன்றை, வன்னி என்பன எல்லோரும் அறிந்த தலவிருட்சங்கள். இவற்றைப் போன்றே பெருமை வாய்ந்ததாயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அருகியே காணப்படும் மரம் மருது ஆகும். சோழநாட்டின் திருவிடைமருதூரிலே மகாலிங்கப் பெருமானுக்குரிய தலவிருட்சம் இதுவே. வடமொழியில் மருதமரத்தை அர்ச்சுனம் என்பர். ஆந்திராவிலுள்ள ஸ்ரீசைலம் மல்லிகார்ச்சுனம் எனவும், திருவிடைமருதூர் மத்தியார்ச்சுனம் எனவும், திருநெல்வேலிச் சீமையிலுள்ள திருப்புடைமருதூர் புடார்ச்சுனம் எனவும் வழங்கப்படுவது இம்மரத்தின் பெயராலேயாகும். கண்ணபிரான் உரலோடு தவழ்ந்து சென்று முறித்ததாகப் பாகவதம் கூறும் இரட்டை மரங்களும் மருதமரங்களே.

நமது நாட்டிலும் மானிப்பாயில் எழுந்தருளியிருக்கும் பிள்ளையார் மருதடி விநாயகர் என்றே அழைக்கப்படுகின்றார். மருதனார்மடம், மருதங்கேணி, மருதோடை, மருதமுனை என ஊர்ப்பெயர்களும் இம்மரத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. வயலும் வயல் சார்ந்த நிலத்துக்கும் நம் முன்னோர் மருதம் என்றே பெயரிட்டனர். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் உகந்தையைக் கடந்து குமணக் காட்டுவழியே செல்லும்போது கும்புக்கன் ஓயாவை அடைவார்கள். கும்புக் என்பது மருதமரத்துக்குச் சிங்கள மொழியிலுள்ள பெயர். அந்த ஆற்றின் கரையிலும், கதிர்காமத்திலே மாணிக்க கங்கைக் கரையிலும் வெண்சாம்பல் நிறத்தில் வழவழப்பான அடியுடன் வானுயர்ந்து நிற்பவை இம்மரங்களே. அவற்றின் நிழலில் இளைப்பாறி நீராடாத யாத்திரிகர் இலர் எனலாம்.

இம்மரத்தின் பட்டை இருதய நோய்க்கு மருந்தாகும் என்பது பலரும் கேள்விப்பட்ட செய்தி. இக்காலத்தில் மருதம்பட்டைத் தூள் பொதி செய்யப்பட்டுக் கடைகளிலும் விற்கப்படுகின்றது. மாரடைப்பு வந்து கிளினிக்கிற்குச் சென்று வரும் முதியவர்கள் சிலர், ஆங்கில மருந்துக் குளிசைகளை நிறுத்திவிட்டு மருதம்பட்டைக் கசாயத்தை மாத்திரம் குடிக்கலாமா என எண்ணுகின்றார்கள். உயிரோடு தொடர்புடைய விடயமாகையால், அப்பட்டையிலே உள்ளது என்ன, அது செய்வது என்ன, செய்யாதது என்ன என்பவற்றைச் சற்று விளக்கமாக அறிந்துகொள்ளுதல் நன்று.

மரத்தை இனங்காணல்

தாவரவியலாளர் இதனைத் தேர்மினாலியா அர்ஜுனா என அழைப்பர். திரிபலையில் சேரும் கடுக்காயும் தான்றிக்காயும் இதன் நெருங்கிய உறவினங்களாகும். ஆற்றோரங்களிலும் குளக்கரைகளிலும் எண்பது அடிக்கும் மேலாக வளரக்கூடியது. பட்டையின் வெளிப்புறம் வெண்சாம்பல் நிறமானது. ஆண்டுதோறும் மெல்லிய தகடுகளாகத் தானே உரிந்து விழும். வெட்டிப் பார்த்தால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். காய் ஐந்து சிறகுகள் வைத்தாற்போல நீளவாட்டில் புடைத்திருக்கும். இந்தக் காய் ஒன்றே போதும், மரத்தை ஐயமின்றி அறிவதற்கு.

பெயரைப் பொறுத்தவரை ஒரு பெருங்குழப்பம் உண்டு. ஊதா நிறப் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூக்கும் இன்னொரு மரத்தை நாம் பூமருது என்கிறோம். சிங்களவர் அதனை முருத்த என்பர். ஓசை ஒத்திருப்பதால் தென்னிலங்கை மருந்துக் கடையொன்றில் மருதம்பட்டை வாங்கச் செல்லும் தமிழர் ஒருவர் முருத்த எனக் கேட்டாராயின், வேறு மரத்தின் பட்டையையே பெற்று வருவார். அது வேறு குடும்பத்தைச் சேர்ந்த மரம். அதன் குணமும் வேறு. கேட்க வேண்டிய பெயர் கும்புக் என்பதாகும். கருமருது என்றொரு மரமும் உண்டு. அது மருதின் இனமேயாயினும் பட்டை கறுத்துப் பிளவுபட்டு முதலையின் தோல் போலக் காணப்படும். வைத்தியர் வெண்மருது எனக் கூறுவது வெள்ளைப் பட்டையுடைய மருதையே.

முன்னோர் கண்ட பயன்

பழைய வைத்தியர்கள் இப்பட்டையை இருதயத்துக்கு மாத்திரம் பயன்படுத்தவில்லை. துவர்ப்புச் சுவையுடைய பொருள் இரத்தப் போக்கை அடக்கும் என்பது அவர்களது அனுபவம். ஆதலால் புண் கழுவுதற்கும், வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிப்பதற்கும், இரத்த மூலத்துக்கும், வயிற்றோட்டத்துக்கும் இதனைக் கொடுத்தனர். எலும்பு முறிந்தவர்களுக்குப் பாலிலே சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. இருதய நோய்க்கு இதனை விதந்து கூறியவர் அட்டாங்க இருதயம் என்னும் நூலைச் செய்த வாக்படர் என்பர். அவருக்குப் பின் 11ஆம் நூற்றாண்டில் வங்காளத்துச் சக்கரபாணி தத்தரும் பாலிற் காய்ச்சிய மருதம்பட்டையை இருதய நோய்க்கு விதித்துள்ளார். ஆக, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இவ்வழக்கம் தொடர்கின்றது.

பாலிற் காய்ச்சும் முறை வருமாறு: பட்டைத்தூள் ஒரு பங்கு, பால் எட்டுப் பங்கு, நீர் முப்பத்திரண்டு பங்கு. உதாரணமாக 5 கிராம் தூளுக்கு 40 மில்லிலீற்றர் பாலும் 160 மில்லிலீற்றர் நீரும் ஆகும். இவற்றைச் சேர்த்து, நீர் முழுவதும் வற்றிப் பாலளவு மிஞ்சும்வரை மெல்லிய நெருப்பில் காய்ச்சி வடித்தல் வேண்டும். பார்த்தாத்தியரிட்டம் என்னும் அரிட்டமும் மருதம்பட்டையை முதன்மையாகக் கொண்டதே. பார்த்தன் என்பது அருச்சுனனுக்கு மறுபெயரல்லவா? அதனாலேயே அப்பெயர். இதிலே உலர்ந்த திராட்சை, இலுப்பைப்பூ, காட்டாத்திப்பூ, வெல்லம் ஆகியன சேர்த்துப் புளிக்க வைப்பர். ஆகையால் சர்க்கரையும் சிறிதளவு அற்ககோலும் இதில் இருக்கும் என்பதைச் சலரோகம் உள்ளவர்கள் மறத்தலாகாது.

பட்டையின் உள்ளே இருப்பவை

பட்டையில் முதலிடம் வகிப்பது தனின் எனப்படும் துவர்ப்பொருளாகும். உலர்ந்த பட்டையில் நூற்றுக்கு 20 பங்கு அளவிலும் இது காணப்படும். தேயிலைச் சாயத்திலே நாக்கை இழுத்துப் பிடிக்கும் குணம் எதுவோ அதுவே இது. தனினின் மூலக்கூறுகள் புரதத்தைக் கண்டால் அதனோடு ஒட்டிக்கொள்ளும். வாயிலே வைத்தவுடன் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் நாக்கு வறண்டது போலாகின்றது. புண்ணிலே பட்டால் மேற்பரப்பிலுள்ள புரதத்தை இறுகச் செய்து ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றது. இரத்தக் கசிவு அடங்குவது இதனாலேதான். ஆவாரம்பட்டையால் தோல் பதனிடுவதும், நைலோன் வருவதற்கு முன் மீனவர்கள் பருத்தி வலைகளுக்குப் பட்டைச் சாயம் ஏற்றியதும் தனினின் இதே ஒட்டும் தன்மையைக் கொண்டே.

பாலிற் காய்ச்சுவதன் காரணமும் இதிலேயே விளங்கும். பாலிலுள்ள புரதம் தனினின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வதனால் துவர்ப்புக் குறைந்து வயிற்றுக்கு இதமாகின்றது. இரசாயனம் படியாத காலத்தில் நம் முன்னோர் நாவினாலும் வயிற்றினாலும் கண்டுபிடித்த முறை இது.

இரும்புச் சட்டியில் கசாயம் காய்ச்சக் கூடாது, மண்சட்டியே வேண்டும் என்று பாட்டிமார் சொல்வதிலும் காரணம் உண்டு. தனினும் இரும்பும் சேர்ந்தால் கருநீல நிறமான ஒரு பொருள் உண்டாகும். முற்காலத்தில் கடுக்காயையும் இரும்புச் சத்தையும் சேர்த்து எழுது மை செய்தது இவ்வாறே. சட்டியில் நிகழ்வது வயிற்றிலும் நிகழும். கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கப்பட்டவர்கள் அதனையும் துவர்ப்புள்ள கசாயத்தையும் ஒரே நேரத்தில் எடுத்தால் குளிசையின் பயன் வீணாகும்.

அடுத்தது சப்போனின் வகை. பூந்திக்காயைத் தேய்த்தால் நுரை வருகின்றதல்லவா? அந்நுரைக்குக் காரணமான பொருளினத்தைச் சேர்ந்தவை இவை. இவற்றின் அடிப்படையாக அமைவன திரைதேர்ப்பீன் எனப்படும் சேர்வைகள். மருதின் வைரத்திலிருந்து அர்ஜுனோலிக் அமிலம் என்பதன் அமைப்பை 1954இல் இங்கிலாந்து இரசாயனவியலாளர் வெளியிட்டனர். பட்டையிலிருந்து அர்ஜுனிக் அமிலத்தைப் பிரித்து அதன் அமைப்பை 1970இல் வெளியிட்டவர்கள் ஆந்திரப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எல். இராமச்சந்திர ரோவும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆவர். மரத்தின் பெயரே அமிலத்தின் பெயராகி உலகெங்கும் வழங்குகின்றது. இவை தவிர புளோவனொயிட்டுகளும், திராட்சை விதையிற் காணப்படுவது போன்ற புரோஅந்தோசயனிடின் பொருள்களும், கலிக் அமிலம், எலாஜிக் அமிலம் என்பனவும் உள்ளன. ஆய்வுகூடச் சோதனைகளில் இவை ஒட்சியேற்றத்தைத் தடுப்பனவாகக் காணப்பட்டுள்ளன.

மூன்றாவது சுண்ணாம்புச் சத்து. சுண்ணாம்பு கிடைப்பது அரிதான காட்டுப்புறக் கிராமங்களிலே மருதம்பட்டையைச் சுட்டு, அச்சாம்பலை வெற்றிலையோடு சேர்த்து மென்ற வழக்கம் இந்நாட்டில் இருந்தது. பட்டையிலே கல்சியம் ஒட்சலேற்று என்னும் நுண்ணிய பளிங்குகள் நிறைந்துள்ளன. எரிக்கும்போது அது கல்சியம் காபனேற்றாகவும், மேலும் சூடேறினால் நீறாத சுண்ணாம்பாகவும் மாறும். இதைக் கொண்டு, கல்சியம் மிகுந்திருப்பதால் பட்டை இருதயத்தை வலுப்படுத்தும் எனச் சில பொதிகளில் எழுதியிருப்பது பொருந்தாத கூற்று. ஒட்சலேற்றாக உள்ள கல்சியம் நீரில் கரையாது. கசாயத்தை வடிக்கும்போது பெரும்பாலும் சக்கையோடு போய்விடும். உட்சென்றாலும் உடலில் சேர்வது சொற்பமே.

இன்னுமொன்றும் அறிய வேண்டியது. நீரிலே கரையும் பொருள்கள் வேறு, அற்ககோலிலே கரையும் பொருள்கள் வேறு. தனினும் சர்க்கரையோடு பிணைந்த சேர்வைகளும் கொதிநீரில் இலகுவாக இறங்கும். அர்ஜுனிக் அமிலம் போன்றவை தனித்த நிலையில் நீரிலே எளிதிற் கரையா. ஆகவே கசாயம், பாற்கசாயம், அரிட்டம், தூள், கம்பனிகள் விற்கும் சாறு அடைத்த வில்லைகள் ஆகிய யாவும் மருதம்பட்டை என்ற ஒரே பெயரைக் கொண்டிருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. ஒன்றைக் குடித்தவருக்குக் கிடைத்த பயன் மற்றதைக் குடித்தவருக்கும் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை.

ஆராய்ச்சிகள் கூறுவன

இருதய நோய்க்கு மூலிகையிலிருந்து கிடைத்த மருந்து ஒன்று ஆங்கில வைத்தியத்திலும் உண்டு. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்னும் வைத்தியர் டிஜிற்றலிஸ் என்ற செடியின் இலையைப் பற்றி 1785இல் நூல் எழுதினார். இன்று கிளினிக்குகளில் கொடுக்கப்படும் டிகொக்சின் குளிசை அந்தச் செடியினத்திலிருந்து வந்ததே. மருதிலும் அத்தகைய பொருள் இருக்குமோ என்று கல்கத்தாவில் ஆர். என். சோப்ராவும் எஸ். கோஷும் ஆராய்ந்து 1929இல் எழுதினர். தனினும் கல்சியமும் மிகுதியாக இருக்கக் கண்டனரேயன்றி, டிஜிற்றலிஸ் போன்று இருதயத்தை நேரே இயக்கும் பொருளை அவர்கள் காணவில்லை.

பிற்காலத்தில் நோயாளரிடமே சோதனைகள் நடைபெற்றன. 1995இல் வெளிவந்த இந்தூர் வைத்தியர்களின் ஆய்வு இவற்றுள் பிரபலமானது. இருதயம் மிகவும் பலவீனமடைந்த 12 நோயாளருக்கு மருதம்பட்டைச் சாறு 500 மில்லிகிராம் வீதம் எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம் கொடுத்தனர். இன்னொரு இரண்டு வாரம் மருந்தில்லாத போலி வில்லையைக் கொடுத்தனர். எது எப்போது கொடுக்கப்பட்டது என்பது நோயாளருக்கும் தெரியாது, பார்க்கும் வைத்தியருக்கும் தெரியாது. மருது எடுத்த காலத்தில் இருதயத்தின் இயக்கம் முன்னேறியது. 2002இல் அதே குழுவினர், நடந்தால் நெஞ்சுவலி வரும் 58 ஆண்களிடம் நடத்திய ஆய்விலும் நல்ல பலன் கண்டனர். நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையின் இனத்தைச் சேர்ந்த மருந்தோடு ஒப்பிடத்தக்க அளவில் அது இருந்தது. ஜெய்ப்பூரில் 105 பேரிடம் 30 நாட்கள் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வில், தினமும் 500 மில்லிகிராம் பட்டைத்தூள் எடுத்தவர்களின் கெட்ட கொலஸ்ரரோல் சராசரியாக நூற்றுக்கு 15 அளவில் குறைந்திருந்தது.

இவ்வளவையும் வாசித்து மகிழ்வோர் அடுத்ததையும் வாசித்தல் வேண்டும். புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகத்தினர் இருதயப் பலவீனமுள்ள நோயாளரிடம், பட்டையின் நீர்ச்சாறு 750 மில்லிகிராம் வீதம் தினம் இருவேளை 12 வாரங்கள் கொடுத்துச் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். இருதயம் இரத்தத்தை வெளித்தள்ளும் அளவு அதனால் கூடவில்லை. முந்திய ஆய்வுகள் சிறியவை, குறுகிய காலத்தவை. மேலும், கொலஸ்ரரோலுக்கு நம்மவர்கள் இரவிலே எடுக்கும் அற்றோர்வஸ்ரற்றின் போன்ற குளிசைகள் கெட்ட கொலஸ்ரரோலை நூற்றுக்கு 30இற்கு மேலாகக் குறைக்கவல்லன. அவை மறு மாரடைப்பைத் தவிர்ப்பது பல்லாயிரக்கணக்கான நோயாளரிடம் நிரூபிக்கப்பட்ட விடயம். மருதம்பட்டை மாரடைப்பையோ மரணத்தையோ தவிர்த்தது என்பதற்கு அத்தகைய சான்று இதுவரை இல்லை.

இந்தூர் ஆய்விலும் டில்லி ஆய்விலும் நோயாளர் தமது வழமையான குளிசைகளை நிறுத்தவில்லை. குளிசையோடு மேலதிகமாகவே மருது கொடுக்கப்பட்டது. நல்ல பலன் கண்ட ஆய்வே இப்படி நடந்திருக்கும்போது, அதைச் சான்றாகக் காட்டிக் குளிசையை நிறுத்துவது எவ்வகையில் நியாயமாகும்? சில குளிசைகளைத் திடீரென நிறுத்துதல் தனியாகவே ஆபத்தானது. நெஞ்சுவலிக்குக் கொடுக்கப்படும் அற்றெனலோல் போன்றவை இவ்வகையின.

சேர்த்து எடுப்பதிலும் கவனம் தேவை. பட்டைச்சாறு இரத்தத் தட்டுகள் ஒட்டுவதைக் குறைப்பதாக ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆகையால் வோர்பரின், அஸ்பிரின், குளோபிடோகிரெல் எடுப்பவர்கள் கிளினிக் வைத்தியரிடம் சொல்லாமல் இதை எடுக்கலாகாது. எலிகளுக்குக் கூடிய அளவில் கொடுத்தபோது தைரொயிட் சுரப்புக் குறைந்ததும் பதிவாகியுள்ளது. தைரொயிட் குறைபாடுள்ளோர் ஒதுங்கிக்கொள்வதே நன்று. கர்ப்பிணித் தாய்மார்களும் அவ்வாறே. வைத்தியர் ஏசுவார் என்று அஞ்சிப் பலர் கசாயம் குடிப்பதை மறைத்துவிடுகிறார்கள். மறைப்பதைவிட ஏச்சு வாங்குவது மேல். கைதடி சித்த போதனா வைத்தியசாலையிலும் ஏனைய அரச சித்த, ஆயுர்வேத வைத்தியசாலைகளிலும் பட்டம் பெற்ற வைத்தியர்கள் இருக்கின்றார்கள். அவர்களிடம் செல்வோர் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டு செல்லுதல் வேண்டும்.

பட்டை எடுத்தலும் மரம் வளர்த்தலும்

மருந்தின் பெயரால் மரத்துக்கு நேரும் கேடும் சிறிதல்ல. இலையிலே தயாராகும் உணவு வேருக்குச் செல்லும் பாதை உட்பட்டையிலேயே அமைந்துள்ளது. அடிமரத்தைச் சுற்றி மோதிரம் போலப் பட்டையை உரித்தால், மேலே இலை பசுமையாகச் சிலகாலம் நின்றாலும் வேர் பட்டினி கிடந்து மரம் இறுதியில் பட்டுவிடும். நூறு ஆண்டு நின்ற மரத்தை ஒரு பகற்பொழுதில் கொல்லலாம். முற்றிய மரத்தில், ஒரு பக்கத்தில் மாத்திரம், மேலிருந்து கீழாக ஒடுங்கிய கீலமாக, மரத்தோடு ஒட்டிய உட்படலத்தை விட்டுவைத்து எடுத்தால் காயம் மூடி வளரும். குளக்கட்டிலும் ஆற்றங்கரையிலும் மண்ணைக் கட்டிப் பிடித்து நிற்பவை இம்மரங்களின் வேர்களே. அரச காணியிலுள்ள மரத்தில் கத்தி வைப்பது சட்டப்படியும் குற்றம். கோயில் மரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

எடுத்த பட்டையைக் கழுவி, சிறு துண்டுகளாக்கி, நிழலில் உலர்த்துதல் வேண்டும். வெயிலில் நேரே போடலாகாது. தூளாக்கினால் விரைவில் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் பற்றும் என்பதால் துண்டாகவே போத்தலில் அடைத்து, வேண்டியபோது வேண்டிய அளவு இடித்துக்கொள்வது சிறந்தது. பூஞ்சணம் கண்ட பட்டையைக் கழுவிப் பாவிக்க முயலாமல் எறிந்துவிட வேண்டும்.

மருதங்கன்று வளர்க்க விரும்புவோர், மரத்தின் கீழே விழுந்த நன்கு முற்றிக் காய்ந்த காய்களைப் பொறுக்கி, தோல் கடினமாகையால் மூன்று நான்கு நாட்கள் தண்ணீரில் ஊறவிட்டு, தண்ணீரைத் தினம் மாற்றி, பின்னர் மணலும் எருவும் கலந்த பையில் நடலாம். கன்றுக்கு ஈரம் வேண்டும். குடாநாட்டில் நடுவதாயின் கேணிக் கரை, கோயிற் குளத்தின் ஓரம், மாரியில் வெள்ளம் தேங்கும் தரவை ஆகியனவே ஏற்ற இடங்கள். வீட்டுச் சுவரையும் கிணற்றுக் கட்டையும் விட்டு நன்றாக விலக்கி நடவேண்டும். இதன் வேர் பக்கவாட்டில் வெகுதூரம் ஓடும். முதல் இரண்டு மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றி, ஆடுமாடு கடிக்காமல் அடைத்துவிட்டால், அதன்பின் மரம் தானே தன்னைப் பார்த்துக்கொள்ளும்.